எனக்காகத் தூங்கியவன்

எங்கள் கோயில் ரதத்தை இழுக்கும் லோரியை நான்தான் ஓட்டுவேன். லோரி என்னுடையது, டீசல் என்னுடையது, ஓட்டுகிற கையும் என்னுடையது. கிள்ளானில் மற்றக் கோயில்களில் டிராக்டரைப் பூட்டுகிறார்கள், ஜீப்பைப் பூட்டுகிறார்கள். அங்கே ரதம் வீட்டுக்கு வீடு நின்று கிளம்பும்போது சாமி கழுத்து மாலை ஆடும். நான் ஓட்டினால் குருக்கள் கையிலிருக்கும் கற்பூரச் சுடர்கூட அசையாது. இதை நான் சொல்லவில்லை, குருக்களே சொன்னார். மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டு வந்தவன் நான். லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டானாகச் சேர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்று கிள்ளான் பக்கத்து மேருவில் சொந்த யார்டு போட்டு லோரிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். என்னிடம் வேலை பார்த்த படித்த பிள்ளைகள் இரண்டு பேர் கணக்குத் தெரியாமல் ஓடியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஒரு திருவிழா மாலை. வெளிச்சம் இன்னும் இருந்தது. ரதம் ஒரு வீட்டு வாசலில் நின்று, அர்ச்சனைத் தட்டு வாங்கி, தீபாராதனை முடிந்தது. மணி அடித்தார்கள். மணி அடித்தால் லோரி நகர வேண்டும். நகரவில்லை. மறுபடி அடித்தார்கள். என் மனைவியின் தம்பி எப்போதும் ரதத்துக்கு முன்னால் நடப்பவன். நீண்ட கவைக்கம்பால் மின்சாரக் கம்பிகளைத் தூக்கிப் பிடித்து, ரதத்தின் கலசம் சிக்காமல் வழிவிடுவது அவன் வேலை. அவன் திரும்பி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறான். நான் தாடை மார்பில் இடிக்க, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி, "மாமா, மாமா" என்றான். நான் திடுக்கிட்டு விழித்தேன். கால் கிளட்சை விட்டுவிட்டது.

லோரி ஒரு துள்ளுத் துள்ளியது. மைத்துனன் கம்போடு ஓரமாகப் பாய்ந்தான். பின்னால் ரதம் முன்னும் பின்னும் ஆடியது. குருக்கள் மணி அடித்துக்கொண்டிருந்தவர் மடியில் போய் உட்கார்ந்தார். தேங்காய்க் கூடை சரிந்து, தேங்காய்கள் சாலையில் உருண்டு கால்வாயில் விழுந்தன. யாருக்கும் அடிபடவில்லை. கலசம் மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

நான் இறங்கி, "கிளட்ச் பிளேட் ஒட்டிக்கிச்சு" என்றேன். உறுமி மேளக்காரப் பையன்கள்கூட நம்பவில்லை.

மறுவாரம் கோயில் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு, ஓட்டலாம்னு ஒரு கடுதாசி கொண்டு வாங்க. சாவிய நானே ஒங்க கையில தரேன்."

லோரி என்னுடையது. அதன் சாவியை அவர் என் கையில் தருவாராம். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

என் குறட்டை பேர்போனது. உழைத்த உடம்பின் சத்தம் அது என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். நடுவில் மூச்சு நின்றுபோகிறது, அப்புறம் முங்கி எழுந்த ஆள் மாதிரி இழுத்து விடுகிறேன் என்று என் மனைவி பல காலமாகச் சொல்லிவந்தாள். பெண்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவமனையில், காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டரம்மா அதையேதான் சொன்னார். தலையெல்லாம் ஒயரை ஒட்டி, ஓர் இரவு அங்கேயே தூங்கவைத்துச் சோதித்துவிட்டுச் சொன்னார். தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, மூளை தட்டி எழுப்புகிறது. இப்படி இரவெல்லாம் நடப்பதால் பகலில் கண் சொருகுகிறது. முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் மெஷின் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு தூங்கலாம். அது ஒத்துவராவிட்டால் ஆபரேஷன்.

"மெஷினெல்லாம் வேணாம் டாக்டர். வெட்டி எறிஞ்சிடுங்க" என்று சொல்லி, என் இன்சூரன்ஸ் மெடிக்கல் கார்டை எடுத்து மேசையில் வைத்தேன். "பெரிய கார்டு. சின்னதெல்லாம் நான் எடுக்கிறதில்ல."

"கார்டு பெரிசா இருக்கட்டும் அங்கிள். மொதல்ல மெஷின் போட்டுப் பாத்தீங்களான்னு இன்சூரன்ஸ்ல கேப்பாங்களே."

நான் அந்தக் கார்டை எடுத்துக் கொடுத்த ஏஜண்டுப் பிள்ளையிடம் போனேன். பிரிக்ஃபீல்ட்ஸில் மாலைக்கடைகளுக்கு மேல் மாடியில் அவள் ஆபிஸ். அவள் அப்பாவும் நானும் ஒரே லோரியில் ஓடியவர்கள். படி ஏறும்போதே கீழேயிருந்து மல்லிகை வாசம் கூடவே வரும். அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"சும்மா குறட்டைக்கு ஆபரேஷன்னா இன்சூரன்ஸ் குடுக்காது அங்கிள். கொஞ்ச மாசத்துக்கு மெஷின ஒழுங்கா போடுங்க. மெஷினுக்குள்ள ஒரு மெமரி கார்டு இருக்கு, எவ்வளவு நேரம் போட்டீங்க, எப்படி மூச்சு விட்டீங்க, எல்லாம் அதுல ஏறும். சரியா போட்டும் ஒத்துவரலன்னு டாக்டர் எழுதினா அப்ரூவல் வரும். போடாமயே ஒத்துவரலன்னு சொன்னா ரிஜெக்ட்தான் லா."

இதில் ஒரு பாதி என் காதில் நன்றாக விழுந்தது. மெஷினைப் போட்டதாகக் கார்டில் ஏற வேண்டும். மறுபாதியை நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவனுக்கு ஒரு புத்தி உண்டு. எந்தத் தாளாக இருந்தாலும் மார்க் கூடுதலாக வந்தால் பாஸ் என்று நினைத்துக்கொள்வான்.

மெஷின் வாடகைக்கு வந்தது. என் யார்டுக்குள் எந்த இயந்திரம் வந்தாலும் பூசை போடாமல் தொடமாட்டேன். சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்தேன். என் மனைவி கதவோரம் நின்று பார்த்தாள்.

"இதுக்கு எதுக்குங்க எலுமிச்சம்பழம்? இது எங்க ஓடப்போவுது?"

அன்றிரவு மாட்டினேன். லோரி டயருக்குக் காற்றடிக்கிற குழாயை மூக்கில் வைத்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் உள்ளே போன காற்று வாய் வழியாகப் பீறிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். தும்பிக்கை முளைத்த கிழவன் ஒருவன் அங்கே நின்றான். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கழற்றி எறிந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் மாட்டவே இல்லை.

இப்போது என் மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் எங்கள் வீட்டுப் பின்னறையில் பல வருடங்களாக இருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை. மேருவில் ஒரு டைல்ஸ் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. காலையில் போவான், சாயங்காலம் வருவான், வாங்குகிற சம்பளத்தில் அக்காவிடம் ஒரு பங்கு கொடுப்பான், சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான், படுப்பான். படுத்த மாதிரியே எழுந்திருப்பான். போர்வைகூடக் கசங்காது. சத்தமே வராது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவனைக் காட்டி, "நம்ம மச்சினன் தூக்கத்துல டிகிரி வாங்கினவரு" என்று நான் சொல்வேன். அவனும் சிரிப்பான். அவன் சிரிப்பதால் அவனுக்கு வலிக்கவில்லை என்று முடிவு செய்துவைத்திருந்தேன்.

சாப்பாடு முடிந்து அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய், ஒனக்கு ஒரு வேல இருக்கு."

"சொல்லுங்க மாமா."

"தூங்கணும்."

நான் விளையாடுகிறேனா என்று முகத்தைப் பார்த்தான். "அத நான் தெனமும் செய்றேனே மாமா."

"இத மூஞ்சில மாட்டிக்கிட்டு."

என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. "அடுத்தவன் மூச்ச ஒங்க மூச்சுன்னு காட்டப் போறீங்களா?"

"மூச்சுல பேரா எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கோ இல்லயோ, நல்லால்ல."

மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தான். "பரவால்லக்கா. மாமா ரதம் ஓட்டணும்ல." அவ்வளவுதான் சொன்னான். மெஷினை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு, எலுமிச்சம்பழங்களையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, பின்னறைக்குப் போனான்.

அவனுக்கு மாஸ்க் ஒரு தொந்தரவே இல்லை. காலையில் கன்னத்தில் மாஸ்க் பட்டை பதிந்த தடத்தோடு வேலைக்குப் போவான். கிடங்கில் கேட்டார்களாம். கொசு கடித்தது என்று சொன்னானாம். நான் முன்னறையில் வழக்கம்போலக் குறட்டை விட்டேன். மாதங்கள் ஓடின. மெஷின் கார்டை எடுத்து டாக்டருக்குக் கொடுத்தனுப்பினேன். பரீட்சைக்குப் பணம் கட்டி ஆள் வைத்து எழுதியவன் மாதிரி முடிவுக்குக் காத்திருந்தேன்.

ஏஜண்டுப் பிள்ளை போன் செய்தாள்.

"அங்கிள், ரிப்போர்ட் வந்திருச்சு. ரொம்ப நல்லா இருக்கு."

"இருக்கும்மா. நாம செஞ்சா ஒழுங்காத்தான் செய்வோம்."

"அதான் அங்கிள் பிரச்சின. மெஷின் ஒங்களுக்கு சூப்பரா ஒத்துப்போவுது. அப்புறம் ஆபரேஷன் எதுக்குன்னு இன்சூரன்ஸ்ல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. டாக்டர ஒருக்கா பாருங்க."

டாக்டரைப் பார்க்கப் போனோம். நான் கார் ஓட்டக்கூடாது என்பதால் மைத்துனன் லீவு போட்டு ஓட்டினான். டாக்டரம்மா, "எல்லாரும் உள்ள வாங்க" என்றார். மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். அவர் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இவ்வளவு ஒழுங்கா மெஷின் போட்ட ஆள நான் பாத்ததே இல்ல அங்கிள்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிடத்தில்கூட என் நெஞ்சு நிமிர்ந்தது. நான் விடாத மூச்சுக்கு நான் பெருமைப்பட்டேன்.

"மூச்சு ஒரு எடத்துல கூட நிக்கல. கொழந்த மாதிரி தூங்குறீங்க. இப்ப ஒடம்பு நல்லா இருக்கணுமே?"

"இல்ல டாக்டர், பகல்ல தூக்கமா..." என்று சொல்ல வந்தேன். அதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. பெரிய கொட்டாவி, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி.

அவர் என்னையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். "ராத்திரி முழுக்க நீங்கதான் போட்டுக்கிட்டீங்க?"

"பின்ன யாரு?"

அவர் என் மனைவியிடம் திரும்பினார். "ஆன்டி, குறட்டை நின்னுடுச்சா?"

என் மனைவி மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவளுக்குப் பொய் வராது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் வராது.

"டாக்டர், அது நான்தான்."

மைத்துனன் எழுந்து நின்றிருந்தான். பள்ளியில் வாத்தியார் கேள்வி கேட்டால் நிற்கிற மாதிரி.

"மாமா மாட்டிக்கிட்டு அப்புறம் கழட்டிடுவாரு. நான் எடுத்துட்டுப் போயி போட்டுக்குவேன். சில்லுன்னு காத்து வரும் டாக்டர். என் ரூம்ல ஏர்கோன் கெடையாது. மாமாவுக்கு இது தெரியாது."

டாக்டரம்மா ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெளியே இருந்த நர்ஸும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சும்மா இருந்திருந்தால்கூடப் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். நான் சும்மா இருக்கவில்லை.

"அறிவிருக்கா ஒனக்கு?" என்று எழுந்து கத்தினேன். "இந்த வயசுல சின்னப் புள்ள மாதிரி அடுத்தவன் மெஷின எடுத்து மூஞ்சில மாட்டிக்குவியா? ஒன்னால என் கேஸே கெட்டுப்போச்சு. சோறு போட்டு வச்சிருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சாரி மாமா."

அதை அவன் நடிப்புக்குச் சொன்ன மாதிரி இல்லை. உண்மையாகவே என் காரியம் கெட்டுப்போனதற்கு வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. என் மனைவி கைப்பையை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

டாக்டரம்மா இன்னொரு தடவை மெஷினைப் போட்டுப் பார்க்கச் சொன்னார், இந்த முறை நான் மட்டும். கார் பெருஞ்சாலையில் ஏறியது. அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும், என்ன சொல்வது என்று யோசித்தேன். வழியில் சுங்கை வே ஊரைத் தாண்டுவது தெரிந்தது. அதற்கப்புறம் எனக்குத் தெரியாது. கிள்ளானில் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது கண் விழித்தேன். தாடையில் எச்சில் வழிந்திருந்தது. பின்சீட்டிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"நல்லா தூங்கினீங்களா?"

அப்புறம் பல நாட்கள் அவள் என்னிடம் சோறா சப்பாத்தியா என்பதைத் தவிர வேறு கேட்கவில்லை. நான் ஆள் கூப்பிட்டுப் பின்னறையில் ஏர்கோன் மாட்டினேன். வீட்டில் எல்லா அறைக்கும் வைத்துவிட்டு அந்த ஓர் அறையை விட்டிருந்தது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. அவன் வந்து பார்த்துவிட்டு, "எதுக்கு மாமா செலவு? எனக்கு ஃபேன் போதுமே. நான் சும்மா டாக்டர்கிட்ட சொன்னேன்" என்றான். அவன் அந்த ஏர்கோனைப் போட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை மெஷினை நானே மாட்டினேன். சாப்பிட்டு முடித்ததும் அவன் என் அறைக்கு வருவான். பட்டையை இழுத்துச் சரி செய்வான். "வாய மூடுங்க மாமா. மூக்கால இழுங்க. பயப்படாதீங்க, அது காத்துதான்." பொறுமையாகச் சொல்வான். நான் இளவட்டத்தில் லோரியில் சரக்குக் கட்டும்போது கயிறு அறுந்து இரும்புக் கொக்கி மூக்கில் அடித்தது. அதில் உள்ளெலும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்தத் தழும்பைக் காட்டி எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். காற்று அந்த வழியாகப் போகமாட்டேன் என்றது. எவ்வளவு முயன்றாலும் தூக்கத்தில் நானே பிடுங்கிப் போட்டுவிடுவேன். இந்தத் தடவை கார்டில் ஏறியது என் மூச்சு. படுமோசம் என்று டாக்டரம்மா சொன்னார். மூக்கெலும்பை நேராக்கி, டான்சிலை எடுத்து, உள்நாக்கைக் கொஞ்சம் வெட்டினால்தான் சரியாகும் என்று எழுதிக் கொடுத்தார். உள்ளதை உள்ளபடி செய்ததும் காரியம் நடந்தது. அதை முதலிலேயே செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் இன்சூரன்ஸில் ஒரு கேள்வி கேட்டார்கள். முதல் ரிப்போர்ட் அவ்வளவு நன்றாக இருந்ததற்குக் காரணம் என்ன?

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக்கு நானும் மைத்துனனும் போனோம். ஏஜண்டுப் பிள்ளை மலாய் மொழியில் ஒரு விளக்கம் டைப் அடித்து வைத்திருந்தாள். எனக்காகத் தமிழில் சொல்லிக் காட்டினாள். நோயாளிக்குத் தெரியாமல் அவர் மைத்துனர் மெஷினைத் தானாக எடுத்துப் பயன்படுத்திவிட்டார், அறியாமையால் நடந்தது, வருந்துகிறார்.

"சரியா இருக்கா அங்கிள்?"

மைத்துனன் எனக்கு முன்னால் பேசினான். "சரியா இருக்கு தங்கச்சி. எங்க சைன் போடணும்?"

அவன் பேனாவை வாங்கினான். நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஏதாச்சும் சொல்லணுமா அங்கிள்?" என்றாள். கீழே மாலைக்கடையில் ஒருவர் பூ விலை பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. சொன்னால் அப்ரூவல் போகும், இன்சூரன்ஸ் கார்டே போகும். அடுத்த திருவிழாவும் போகும்.

"குடிக்க ஏதாச்சும் கெடைக்குமாம்மா? தொண்ட காயுது" என்றேன்.

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் கையெழுத்துப் போட்டான். அவன் பேருக்குக் கீழே என் பேரை நான் போட்டேன். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து அந்தக் கையெழுத்து. எத்தனையோ லோரி வாங்கியிருக்கிறேன் அதை வைத்து.

அப்ரூவல் வந்தது. ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்தபோது நெருப்பை விழுங்கிய மாதிரி தொண்டை எரிந்தது. பல நாட்கள் பேச்சு வரவில்லை. கஞ்சி, ஐஸ்கிரீம், இந்த இரண்டுதான். என் மனைவி வேலைக்காரம்மாவிடம், "வீடு இவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததில்ல" என்று சொன்னது எனக்குக் கேட்டது. மைத்துனன் வேலைக்குப் போகுமுன் கஞ்சியை மசித்து ஆற்றி வைத்துவிட்டுப் போவான். பேச முடியாத அந்த நாட்களில் அவனிடம் சொல்ல வேண்டியதெல்லாம் என் வாய் வரைக்கும் வந்து நின்றது. வரிசையாகச் சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன். குரல் வந்ததும் முதல் வேலை அதுதான் என்று நினைத்தேன்.

குரல் வந்தது. நான் போனது கோயில் கமிட்டிக்காரர்கள் தேத்தண்ணி குடிக்கும் கடைக்கு.

"என்னாண்ணே, ஆபரேஷனுக்கு ஏன் இவ்வளவு லேட்டு?" என்று தலைவர் கேட்டார்.

அங்கே ஆறேழு பேர் இருந்தார்கள். என் வாய்க்குக் கேட்க ஆள் கிடைத்தால் போதும். "அத ஏன் கேக்குறீங்க, நம்ம மச்சினன் செஞ்ச வேல" என்று ஆரம்பித்தேன். பின்னறை, சில்லென்ற காற்று, மாஸ்க், எலுமிச்சம்பழம், டாக்டர் முன்னால் எழுந்து நின்றது, எல்லாம் நடித்தே காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒருவர் தேத்தண்ணியைச் சிந்திவிட்டார். அன்றைக்கு நான் நன்றாகக் கதை சொன்னேன். டாக்டர் அறையில் வேறு வழியில்லாமல் சொன்னேன் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் பயந்து சொல்லவில்லை எனலாம். இந்தக் கடையில் என்னை யாரும் எதுவும் மிரட்டவில்லை. சிரிப்பு வாங்குவதற்காகச் சொன்னேன்.

அந்த வாரமே அவனுக்கு 'ஏர்கோன்' என்று பேர் விழுந்துவிட்டது. உறுமி மேளப் பையன்கள், "ஏர்கோன் அண்ணே, இன்னிக்கு எத்தன டிகிரி?" என்று கேட்பார்கள். அவன் வழக்கம்போலச் சிரிப்பான். ஒருநாள் என் மனைவி மார்க்கெட்டில் அந்தப் பேரைக் கேட்டுவிட்டு வந்தாள். பையைச் சமையலறையில் வைத்தாள். "அவங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள். நான் தமிழ்ப் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

திருவிழா வந்தது. டாக்டரம்மா ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ரதம் கோயில் வாசலில் தயாராக நின்றது. வெயில் தாழ்ந்து, சாலை முழுக்க ஆட்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார். என் லோரியின் சாவியைத் தட்டில் வைத்து, எனக்கு மாலை போட்டு, அண்ணன் ஆபரேஷன் செய்து திரும்பி வந்துவிட்டார், இந்த வருடம் ரதம் பூப்போல ஓடும் என்றார். கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா ஒண்ணு, அண்ணன் தூங்கமாட்டாரு. ஏர்கோன் அண்ணன்தான் ரோட்டுல படுத்துடக்கூடாது, அவருக்கு மாஸ்க் எடுத்து வச்சிருக்கோம்" என்றார்.

கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கமும் சிரிப்பு. ரதத்துக்கு முன்னால் மைத்துனன் கவைக்கம்பை நட்டு வைத்துக்கொண்டு நின்றான், புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அவனும் சிரித்தான். பெண்கள் வரிசையில் என் மனைவி மட்டும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்த உயரத்திலிருந்து அவன் முகம் நேராகத் தெரிந்தது. அவன் சிரிக்கும்போது கண் சிரிப்பதில்லை என்பதை, இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து, தூக்கம் தெளிந்த கண்ணால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தலைவர் மைக்கை ஜன்னல் வழியாக நீட்டினார். "அண்ணே, ரெண்டு வார்த்த."

நான் வாங்கினேன்.

"அவன் மேல தப்பு இல்ல" என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் முன்னைப்போல இல்லை, கொஞ்சம் கீச்சென்று வரும். "அந்த மெஷின அவன் எடுக்கல. நான்தான் போட்டுக்கச் சொன்னேன். எனக்காக அவன் போட்டுக்கிட்டான். டாக்டர்கிட்ட அவன் சொன்னது பொய்யி. நான் ஒங்ககிட்ட சொன்னதும் பொய்யி."

ஒரு கணம் என் நெஞ்சு லேசாக இருந்தது. பிறகு தலைவர் கை தட்டினார்.

"பாத்தீங்களா" என்று மைக் இல்லாமலே உரக்கச் சொன்னார். "மச்சினன எல்லாரும் கிண்டல் பண்றோம்னு பழிய தன் மேல போட்டுக்கிறாரு. இதான்யா பெரிய மனுசன்."

கூட்டம் முழுக்கக் கை தட்டியது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ விசிலடித்தார்கள். "இல்ல, நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். என்னைப் பற்றி நானே பேசிப் பேசி வளர்த்த பேர் அது. நான் சொன்ன உண்மையைக்கூட அது எனக்குப் பெருமையாக மாற்றிவிட்டது.

மைத்துனன் லோரிப் பக்கம் வந்தான். மைக்கை என் கையிலிருந்து எடுத்துத் தலைவரிடம் கொடுத்தான். ஜன்னலுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"எதுக்கு மாமா இதெல்லாம்? கையெழுத்துப் போட்டாச்சுல்ல. எடுங்க, நேரமாவுது."

மணி அடித்தது. கிளட்சை மெதுவாக விட்டேன். ரதம் குலுங்காமல் நகர்ந்தது. பின்னால் கற்பூரச் சுடர் அசைந்திருக்காது என்று எனக்குத் தெரியும். முன்னால் அவன் நடந்தான், கம்பை உயர்த்தி முதல் கம்பியைத் தூக்கினான், திரும்பிப் பார்க்காமலே மற்றக் கையால் வாங்க வாங்க என்று சைகை காட்டினான். ஊர்வலம் முடியும் வரைக்கும் எனக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.